குவாட் பைக்கின் நீளமான சீட்

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். காசு கொடுத்தவர் பண்ணை முதலாளி, ஓட்டியவர் என் கணவர். ஆனால் விற்பனை முற்றத்தில் நின்ற இரண்டு வண்டிகளில் எது வேண்டும் என்று கடைசியில் தீர்மானித்தவள் நான். வண்டிகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பயப்படுவது ஒன்றுதான், அதை மட்டும் நான் நன்றாகச் செய்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் லண்டனுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். இவர் மரக்கறிச் சந்தையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் அங்கே கோவா, அதுதான் முட்டைக்கோஸ், கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரரின் லொறி கிளம்ப மறுத்துவிட்டது. இவர் பொனெற்றுக்குள் வலது காதை வைத்துக் கேட்டார், பிறகு எதையோ கழற்றி ஊதிப் பூட்டினார், லொறி கிளம்பிற்று. அந்த மனிதர் அங்கேயே இவருக்கு வேலை கொடுத்துவிட்டார். அப்படித்தான் இவர் பண்ணை வேலைக்குப் போனது. டிஸ்ட்ரிக் லைன் ரயில் முடியும் இடத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பிறகு இருபது நிமிடம் நடக்கவேண்டும். அதுவும் லண்டன்தானாம், கவுன்சில்காரர் வந்து குப்பை எடுக்கிறார்கள். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆடுகளும் கோவாவும்தான். தூரத்தில் பெருந்தெருவின் இரைச்சல் மட்டும் ஓயாது.

முதலாளிக்கு எழுபது வயதிருக்கும். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் திட்டுத்தான் வரும். அவரிடம் மூன்று சில்லு வைத்த ஒரு பழைய வண்டி இருந்தது. மோட்டார் சைக்கிள் மாதிரிக் கைபிடி, குண்டு குண்டான ரயர். பண்ணையின் பின்பக்கத்தில் ஒரு மேடு உண்டு, அதில் அந்த வண்டி கவிழ்ந்து முதலாளியின் இடுப்பெலும்பு உடைந்துபோயிற்று. அதற்குப் பிறகு தடி ஊன்றித்தான் நடப்பார். கைபிடி முறுக்கிப்போன அந்த வண்டியைக் கொட்டிலின் பின்னால் போட்டு வைத்திருந்தார்கள். நான் முதல்முறை பண்ணைக்குப் போன அன்றே அதைப் பார்த்துவிட்டேன்.

"இனி நாலு சக்கரம் உள்ளதுதான் வாங்கப்போகிறேன். ஓட்டப்போவது நீ. நீயே பார்த்துச் சொல்" என்று முதலாளி இவரிடம் சொல்லியிருக்கிறார். காலையில் ஆட்டுத்தீன் மூட்டை ஏற்றவேண்டும், வேலிக்கட்டைகள் கொண்டுபோகவேண்டும், சின்ன ட்ரெய்லரில் கோவா இழுக்கவேண்டும். இலையுதிர்காலம் வந்தால் முதலாளியின் கூட்டாளிமார் வேட்டைக்கு வருவார்கள். காட்டுக்கோழி, புறா, முயல். அவர்களுக்குத் தோட்டாப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்து, விழுந்த பறவைகளை அள்ளிக்கொண்டு வரவும் அதே வண்டிதான்.

புது வண்டி என்றால் இவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே தொடங்கிவிட்டார்.

"நாலு சில்லு எண்டா விழாது" என்றார்.

"மூண்டு சில்லும் விழாதெண்டுதானே அந்தாளும் வேண்டினவர்?" என்றேன்.

"நல்ல காரியம் கதைக்கேக்க நீர் வாயை வைக்காதையும்."

அன்றிரவே நான் முடிவெடுத்துவிட்டேன், இவரைத் தனியாக அந்த மேட்டில் விடுவதில்லை என்று.

இந்த இடத்தில் என் பயத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் என்னை விசரி என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அந்த நாட்களில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் சென்றி, காவலரண். தனியாக வரும் இளந்தாரியை மறிப்பார்கள், இறக்குவார்கள், ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் பெண்சாதி இருந்தால் பெரும்பாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ என்று கைகாட்டுவார்கள். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். கட்டியவளோ, தங்கச்சியோ, பக்கத்து வீட்டு மாமியோ, யாராவது ஒரு பெண்ணை ஏற்றாமல் ஆண்கள் வெளிக்கிடமாட்டார்கள். நான் ஐந்து வருடம் இவரின் பின் சீட்டில் இருந்தேன். உரம் வாங்க, மண்ணெண்ணெய் வாங்க, செத்தவீட்டுக்கு, கலியாணவீட்டுக்கு, எங்கே போனாலும் நான் பின்னால். ஒரேயொரு நாள் எனக்குக் கடும் காய்ச்சல். தண்ணீர்ப் பம்புக்கு ஒரு சாமான் வாங்கவென்று இவர் தனியாகப் போனார். ஒன்பதாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. இடது காது மட்டும் பிறகு கேட்கவில்லை.

ஆகவே, நான் பின்னால் இருந்தால் இவருக்கு ஒன்றும் நடக்காது. இது எனக்கு நம்பிக்கைகூட இல்லை, கண்ணால் கண்ட கணக்கு. லண்டனுக்கு வந்த பிறகும் ரயிலில் இவருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் இவரின் முழங்கால் முட்ட நின்றுகொண்டு வருவேன்.

வண்டி பார்க்கப் போனது ஒரு சனிக்கிழமை. எனக்கு இவரைவிட இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாக ஓடும், ஊரில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தவள். அதனால் நான் மொழிபெயர்ப்பாளர். தடியோடு முதலாளி, இவர், நான், விற்கிற மனிதர். உழவு இயந்திரங்கள் நிறைந்த ஒரு சேற்று முற்றம். அவற்றின் நடுவே இரண்டு குவாட் பைக்குகள்.

ஒன்று சிவப்பு, சிறியது. பின் சில்லு இரண்டும்தான் இழுக்கும், செயின் வைத்தது, சீட் குட்டை. மற்றது கடும்பச்சை, பெரியது. நாலு சில்லும் இழுக்கும். செயினுக்குப் பதில் இரும்புத் தண்டு, சேறு போய்ச் சிக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் கரியர். பச்சை நிறத்தைப் பறவைகள் கண்டு மிரளாது என்று விற்கிறவர் முதலாளிக்குச் சொன்னார். இவர் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"காத்தே இல்லை. பழசைத் தலையில கட்டப் பாக்கிறானோ?"

கேட்டுச் சொன்னேன். சேற்றில் புதையாமல் போவதற்குக் காற்று குறைவாகத்தான் இருக்கவேண்டுமாம். இவர் தலையாட்டினார். பிறகு இரண்டையும் கிளப்பிக் காதை வைத்துக் கேட்டார். கைபிடியில் முறுக்குவதற்கு ஒன்றும் இல்லை, வலது பெருவிரலால் ஒரு சின்னத் தகட்டை அமத்தினால்தான் வேகம் வரும். அதைத் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்தார். கடைசியில் சிவப்பு வண்டியின் கரியரைப் பிடித்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். தூக்க முடிந்தது.

"இதுதான் சரி. பாரமில்லை. கவுண்டாலும் ஒருத்தன் நிமித்தலாம். பெரிசு ஆளை அமத்திப்போட்டுக் கிடக்கும்" என்றார்.

முழுக்க முழுக்கச் சரியான பேச்சு. எனக்கோ காதில் விழவில்லை. என் கண் பச்சை வண்டியின் சீட்டில் இருந்தது. எவ்வளவு நீளம்! எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் சீட்டைவிட நீளம். இரண்டுபேர் தாராளமாக இருக்கலாம். சிவப்பில் என்றால் எனக்கு இடமில்லை.

"பச்சையை எடுங்கோ" என்றேன். "நாலு சில்லும் இழுக்கும், மேட்டில வழுக்காது. முதலாளிக்கும் அதுதான் விருப்பம், முகத்தைப் பாருங்கோ."

இவர் யோசித்தார். விற்கிறவர் சீட்டில் தட்டி, வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. இந்தச் சீட் இவ்வளவு நீளமாக இருப்பது இரண்டுபேருக்காக இல்லை. ஏற்றத்தில் ஓட்டுகிறவர் முன்னால் நகரவேண்டும், இறக்கத்தில் பின்னால் நகரவேண்டும், வளைவில் உடம்பைச் சாய்க்கவேண்டும், அதற்குத்தான் இந்த இடம். இன்னொருவரை மட்டும் ஏற்றவே கூடாது, வண்டி பின்னால் மல்லாந்துவிடும். இதோ ஒட்டியிருக்கிறது பார் என்று காட்டினார். இரண்டுபேர் இருக்கிற படம், அதன்மேல் சிவப்புக் கோடு.

"என்னவாம்?" என்று இவர் கேட்டார்.

"சீட் நல்ல வசதியாம்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வசதியை நம்பி இவர் பச்சைக்குத் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பொய் சொன்னதற்காக இல்லை, இடம் கிடைத்துவிட்ட ஆறுதலில்.

வண்டி பண்ணைக்கு வந்த அன்று, ஃபாரஸ்ட் கேட் கடையிலிருந்து நான் கொண்டுபோன நாலு தேசிக்காயை நாலு சில்லுக்கும் கீழே வைத்தேன், விளக்குக்குச் சந்தனப்பொட்டு வைத்தேன். அந்தத் தேசிக்காய்கள் என்ன குற்றம் செய்தன என்று முதலாளி கேட்டார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓட்டினார், நாலும் நசுங்கின.

அதன் பிறகு எனக்கு வேலையில்லாத ஒவ்வொரு சனிக்கிழமையும் பண்ணைக்குப் போனேன். தடித்த கோட்டும் காற்சட்டையும்தான் போட்டிருப்பேன், ஆனால் பழக்கதோஷம், ஒருபக்கமாகத்தான் இருப்பேன், ஒரு கையால் இவரின் இடுப்பைப் பிடித்தபடி. சமதரையில் ஒரு கரைச்சலும் இல்லை. ஒருநாள் முதலாளி வாசலில் நின்று தடியை உயர்த்திக் கத்தினார்.

"என்னவாம் கிழவன்?" என்று இவர் கேட்டார்.

இறங்கு, இறங்கு என்றுதான் அவர் கத்தியது. "மத்தியானம் தேத்தண்ணிக்கு வரட்டாம்" என்றேன். வெட்கமில்லாமல் மத்தியானம் அவர் வாசலில் போய் நின்றோம். தேத்தண்ணியும் கொடுத்தார், திட்டும் கொடுத்தார். திட்டை நான் மொழிபெயர்க்கவில்லை.

கார்த்திகை மாதம் முதல் வேட்டை வந்தது. நாலைந்து கார்களில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் பச்சை உடுப்பு, முழங்கால்வரை சப்பாத்து, ஒவ்வொருவர் தோளிலும் துவக்கு. நான் ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் வெடி கேட்டதும் என்னை அறியாமலே சேற்றில் குப்புற விழுந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் இவரும் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார், முகம் வெளிறி. எங்களைக் கண்டு ஆடுகள்கூட அசையவில்லை, அவை பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

"புறாவுக்குத்தான் சுடுறாங்கள்" என்றார் இவர், எனக்கா தனக்கா தெரியாது.

மேட்டின் உச்சியில் நின்றவர்களுக்குத் தோட்டா முடிந்துவிட்டதாம். இவர் இரண்டு பெட்டியைப் பின் கரியரில் கட்டினார். நான் ஏறப் போனேன்.

"இண்டைக்கு வேண்டாம். ஏத்தம் ஈரமாக் கிடக்கு. நீர் இதில நில்லும்."

"துவக்கோட நிக்கிறவங்களிட்ட நீங்கள் தனியப் போறதோ? என்ர உயிர் போனாலும் விடமாட்டன்."

"என்னப்பா நீர்..." என்றார். அவருக்கும் அந்த ஒன்பது நாள் நினைவுக்கு வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் ஏறி இருந்தேன்.

பாதி ஏற்றம்வரை ஒன்றுமில்லை. பிறகு முன் சில்லு புல்லில் படாமல் மிதப்பதை உணர்ந்தேன். என் கால் சறுக்கிற்று, ஒருபக்கமாக இருந்தவள் அப்படியே வழுகத் தொடங்கினேன். "ஐயோ!" என்று கத்தினேன். இவர் திரும்பி இடது கையால் என் கோட்டைப் பிடித்தார். திரும்பிய வேகத்தில் வலது பெருவிரல் அந்தத் தகட்டை அமத்திவிட்டது. வண்டி எழும்பிற்று. என் கோட்டிலிருந்து அவர் கை விடுபட்டது. நான் புல்லில் உருண்டு ஒரு வாய்க்காலில் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது வண்டி மல்லாந்து கிடந்தது, நாலு சில்லும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே இவரின் ஒரு கால் மட்டும் தெரிந்தது.

எப்படி ஓடினேனோ தெரியாது. வண்டி நெஞ்சுக்கு மேல் கிடந்தது. முகம் வெளியே, கண் திறந்திருந்தது, வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பெற்றோல் மணத்தது. கரியரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. "அம்மாளாச்சி, ஆராவது ஓடி வாங்கோ! இவரை எடுத்துத் தாங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவு இங்கிலீஷ் படித்தவளுக்கு ஒரு சொல் வரவில்லை.

ஆட்கள் வந்தார்கள். மேட்டிலிருந்து பச்சை உடுப்பும் துவக்குமாக நாலுபேர் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள்.

அந்தக் கணத்தில் நான் லண்டனில் இல்லை. இவரின் முகத்தின்மேல் குப்புற விழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டேன். "ஐயா, இவர் ஒண்டும் செய்யேல்லை! சத்தியமா ஒண்டும் செய்யேல்லை! நான் இவரின்ர மனிசி, நான் கூடத்தான் வந்தனான்!" என்று கத்தினேன். ஒருவர் என் தோளைத் தொட்டார், அவர் கையைக் கடித்துவிட்டேன். உண்மையாகவே கடித்தேன், இரத்தம் வந்தது. இன்னொருவர் என்னை இழுத்தார், காலால் உதைத்தேன். என் கணவரைக் காப்பாற்ற ஓடி வந்தவர்களை நான் கிட்ட விடவில்லை, எனக்குக் கீழே அவருக்கு மூச்சு வரவில்லை.

கீழே இருந்து முதலாளியின் குரல் கேட்டது. தடியை ஊன்றி ஊன்றி ஏறிக்கொண்டே கத்தினார்.

"துவக்குகளைக் கீழே போடுங்கள்! முட்டாள்களே, அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லையா? கீழே போடுங்கள்!"

அவருக்கு எப்படி விளங்கியது என்று எனக்கு இன்றும் தெரியாது. நாலுபேரும் துவக்கைப் புல்லில் வைத்தார்கள். வெறுங்கையைக் காட்டினார்கள். அப்போதுதான் அவர்களின் முகம் எனக்குத் தெரிந்தது. என்னைவிடப் பயந்துபோன முகங்கள். நான் விலகினேன். நாலுபேரும் சேர்ந்து வண்டியைப் புரட்டினார்கள். இவர் கிணற்றுக்குள் இருந்து வந்தவர்போல ஒரு மூச்சு இழுத்தார்.

காறையெலும்பும் நாலு விலாவெலும்பும் முறிந்திருந்தன. சேறு இளக்கமாக இருந்ததால்தான் உயிர் தப்பியது என்றார் டொக்டர். மறுநாள் பகல் நான் இவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது முதலாளி வந்தார். பழப்பை ஒன்றை வைத்தார், பிறகு திட்டத் தொடங்கினார்.

"விற்றவன் படித்துப் படித்துச் சொன்னானே, ஒருவர்தான் ஏறலாமென்று! நானும் பக்கத்தில்தானே நின்றேன்! இவளைக் கொண்டே உனக்குச் சொல்ல வைத்தானே!"

இவர் மெதுவாக என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன சொல்லுறார்?"

நோவு எப்படி என்று கேட்கிறார். இந்தப் பதில் என் நாக்கின் நுனியில் ஆயத்தமாக இருந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவர் எப்போதும் நம்புகிறவர்.

"அந்த வித்தவன் அண்டைக்குச் சொன்னவன். ஒராள்தான் ஏறலாமாம். ரெண்டுபேர் ஏறினா மல்லாந்திடுமாம். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன்?"

"நீங்கள் தனியப் போனா உங்களைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு பயம்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. யார் பிடிப்பார்கள்? அந்த ஆடுகளா? சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை, கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இனி நான் தனியத்தான் போவன்" என்றார் இவர். "நீர் வீட்டில இருந்து பயப்பிடும்."

"எனக்கு ஏலாதப்பா."

"ஏலும். நான் உம்மைப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லேல்லை. வீட்டில இருந்து பயப்பிடும் எண்டுதான் சொல்லுறன்."

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை விடிய, இவர் சப்பாத்தைக் கட்டி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருக்கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது. என் கோட் கொளுவியில் தொங்கிற்று. நான் எங்கள் அறைக் கதவைத் திறப்புப் போட்டு உள்ளே பூட்டி, கதிரை வைத்து ஏறி, திறப்பை அலுமாரியின் உச்சியில், கைக்கு எட்டாமல் சுவர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டேன். பிறகு கதிரையிலேயே இருந்தேன். பின்னேரம் இவர் வந்து கதவைத் தட்டினார். திறப்பைத் தேடி எடுக்க எனக்குக் கனநேரம் பிடித்தது, அதுவரை அவர் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.